அப்பா ஏன் "பதம்" சொல்லவில்லை

இந்த மலர் உங்கள் கைக்கு வந்து சேரும்போது, அப்பா இல்லாத முதல் குறுவை அறுப்பு முடிந்து தாளடி நடவு நடந்துகொண்டிருக்கும். அப்பா இருந்திருந்தால் காலையில் பேப்பரைக்கூடப் பிரிக்காமல் வாசலுக்கு வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்து, "இன்னிக்குக் களம் தாங்குமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருப்பார். மில் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தக் கேள்வி மட்டும் அவரை விடவில்லை. காயப்போட வீட்டில் ஒரு வற்றல்கூட இருக்காது. ஆனாலும் கேட்பார்.

நினைவு மலர் என்றால் பிறந்தார், வளர்ந்தார், உழைத்தார், உயர்ந்தார் என்று ஒழுங்காக எழுத வேண்டும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். அதையும் எழுதுகிறேன். ஆனால் மூத்த மகளாகிய எனக்கு அப்பாவிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி வெகுகாலமாக இருந்தது. சின்ன வயதில் எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று துளைத்தெடுப்பேன் என்பதால் அப்பா என்னை "இன்ஸ்பெக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். ஆகவே இந்தக் கட்டுரையும் பாதி விசாரணையாகவே இருக்கும். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா சீர்காழிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிராமத்தில் பிறந்தார். தகப்பனாரைச் சின்ன வயதிலேயே இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். பத்தாவதுக்கு மேல் படிக்க வழியில்லை. குத்தாலத்துக்கு அருகே ஒரு மிராசுதார் நடத்திவந்த அரிசி மில்லில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்து, ஐந்தாறு வருஷத்தில் மானேஜர் ஆனார். அம்மாவைக் கைப்பிடித்ததும், மில்லைச் சேர்ந்த ஓட்டு வீட்டில் குடித்தனம் வைத்ததும், நானும் தம்பியும் பிறந்ததும் அங்கேதான்.

நான் திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆட்களுக்கு வேலையில் மனம் ஒட்ட என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எங்கள் பிரிவின் தீராத தலைவலி. அதற்கென்று வகுப்பெடுக்கப் பெரிய ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள், திரையில் படம் போட்டு விளக்குவார்கள். நாங்களும் கேடயம் கொடுத்தோம், மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று போட்டோ மாட்டினோம், குடும்பத்தோடு சுற்றுலா கூட்டிப்போனோம். சிலது கொஞ்ச நாள் பலித்தது. அப்போதெல்லாம் எனக்கு அப்பாவின் நெல் களம்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே கேடயமும் இல்லை, போட்டோவும் இல்லை. ஆனால் சுற்று வட்டாரத்து மில்களில் ஆள் கிடைக்காமல் திண்டாடிய நாட்களிலும் அப்பாவின் களத்துக்குப் பெண்கள் தாமாக வந்தார்கள். அது எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்குத் தாங்கமுடியாத ஆவல்.

பழைய ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். மில் டிரைவராக இருந்தவர், "உங்கப்பா நாலு மணிக்குச் சுக்குக் காப்பி குடுப்பாரு பாருங்க, அதுக்கு மயங்கித்தான்" என்றார். முதலாளியின் மகன், "எங்கப்பா பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாரே, அதுதான்" என்றார். அம்மாவைக் கேட்டபோது, "உங்கப்பா யாரையும் வாடி போடின்னு பேசினதில்ல. வாங்க, சொல்லுங்கன்னுதான் பேசுவாரு. அந்தக் காலத்துல யாரு அவங்களை அப்படிக் கூப்பிட்டா?" என்று சொன்னார். எல்லாமே உண்மைதான். ஆனாலும் சுக்குக் காப்பிக்காக யாரும் வெயிலில் நாள் முழுக்க நிற்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

களத்து வேலையைப் பற்றித் தெரியாத இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, அவித்து, சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். பெண்கள் வரிசையாக நடந்து காலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சரியாகக் காய்ந்த நெல்லைக் கடித்தால் பல்லுக்கடியில் சட்டென்று உடையும். ஈரம் இருந்தால் மெத்தென்று நசுங்கும். அதை அப்படியே குவித்தால் சூடேறி நாற்றம் எடுக்கும். அதிகம் காய்ந்துபோனால் அரவையில் நொய்யாகக் கொட்டும். இரண்டுக்கும் நடுவில் வரும் அந்த நிலைதான் பதம். யாராவது ஒருவர் கடித்துப் பார்த்து "பதம்" என்று குரல் கொடுத்தால்தான் கிளறுவதை நிறுத்திக் குவிக்கத் தொடங்குவார்கள். எல்லா மில்லிலும் அந்தக் குரல் மேஸ்திரியுடையது. அதைக் களத்துப் பெண்கள் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

கழக ஆட்சி வந்த புதிது. காவிரிப் பாசனப் பகுதி முழுக்கக் கூலிப் பிரச்சினை கனன்றுகொண்டிருந்தது. வயல் வரப்பில் சிவப்புக் கொடி ஊன்றுவதும், மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்குவதும், போலீஸ் வருவதுமாக இருந்தது. எங்கள் மில் களத்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் முதலாளியின் வயலில் கூலி உயர்வு கேட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களின் மனைவிகள், தங்கைகள். மனம் எப்படி வேலையில் இருக்கும்? கால் நடந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் அப்பா களத்தில் ஒரு வேடிக்கையைக் கண்டார். நெல் காய்ந்துவிட்டது. மேஸ்திரி டீக்கடைக்குப் போயிருந்தார். பெண்கள் பாட்டுக்குக் கிளறிக்கொண்டே இருந்தார்கள். அப்பா கேட்டிருக்கிறார், "காஞ்சுபோச்சுன்னு தெரியலையாம்மா?"

"தெரியுதுங்க."

"அப்ப நிறுத்தறதுதானே?"

"அதைச் சொல்றது எங்க வேலை இல்லீங்களே, மானேஜரய்யா."

இதைச் சொன்னவர் அஞ்சலையக்கா. களத்துப் பெண்களில் வயதில் சிறியவர், வாயில் பெரியவர் என்று அம்மா சொல்வார். அவருடைய கணவர்தான் அவர்கள் தெருவில் கொடி பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவர்.

அப்பா மறுநாள் களத்தில் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "வாய்க்காலுக்குத் தண்ணி விட முறை இருக்குதில்ல? இன்னிக்கு மேல மடை, நாளைக்குக் கீழ மடைன்னு? அதுமாதிரி இனிமே பதம் சொல்றதுக்கும் முறை. இன்னிக்கு ஒருத்தர், நாளைக்கு அடுத்தவர். முறை யாருதோ அவங்க சொன்னா நிறுத்தணும். அவங்க சொல்லாம நான் சொன்னாலும் நிறுத்தாதீங்க" என்றாராம். மேஸ்திரி கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. முதலாளி, "கூலியத்தான் கேக்குறாங்க, நீங்க கொடியையே கையில குடுக்குறீங்களே" என்று கேலி செய்தார். ஆனாலும் விட்டுவிட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தவர் என்பதுதான் சரி.

முதலில் எல்லாம் சரியாக நடக்கவில்லை. ஒருத்தர் சீக்கிரம் சொன்னார், ஒருத்தர் தாமதமாகச் சொன்னார், ஒருத்தர் வெட்கத்தில் சொல்லவே மாட்டேன் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெள்ள மெள்ளப் பழகியது. முறை வருகிற நாளில் தலையில் பூ வைத்துக்கொண்டு வருவார்களாம். "இது அஞ்சலை நெல்லு, இது மாரியம்மா நெல்லு" என்று மூட்டைகளுக்கே பெயர் வந்துவிட்டது. அரவைக் கூடத்துக்கு வந்து, தான் சொன்ன நெல் எப்படி அரிசியாக விழுகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்களாம்.

இப்படி இருக்கையில்தான் அந்தக் குறுவை அறுப்பு வந்தது. கூலிப் பேச்சு முறிந்து, முதலாளி வயலில் வெளியூர் ஆட்களை இறக்கினார். அன்று களத்தில் முறை அஞ்சலையக்காவுடையது. பிற்பகலில் அவர்கள் தெருவுக்குள் போலீஸ் வேன் நுழைவது களத்திலிருந்தே தெரிந்தது. அஞ்சலையக்கா வாயில் நெல்லைப் போட்டார், "பதம்" என்றார், ஓட்டமாக ஓடிவிட்டார். கணவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நெல்லோ பதமே ஆகவில்லை. குவித்த நெல் இரவுக்குள் சூடேறி, கிடங்கு முழுக்க நாற்றம்.

முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பக்கத்து அறையில் தம்பிக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"வேணும்னே கெடுத்திருக்கா, கொடிக்காரன் பொண்டாட்டி. நீங்க ஒரு புகார் எழுதிக் குடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே உள்ள இருக்கட்டும்."

"கெடுக்கணும்னு நெனைக்கிற பொண்ணு தன் முறையிலயா கெடுக்கும்? இது யாரு சொன்ன நெல்லுன்னு ஊருக்கே தெரியுமேங்க" என்றார் அப்பா.

"சரி, இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"நாளைக்கும் அவங்களே சொல்லட்டும்."

முதலாளி, "நாளைக்கு நானே வந்து உட்கார்றேன். நாளைய நெல்லும் போச்சுன்னா, அவளோட சேர்ந்து நீங்களும் கிளம்பிடணும், மானேஜரே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலை போனால் வீடும் போகும். அம்மா அன்று அப்பாவோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறார்.

அஞ்சலையக்கா மறுநாள் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கணவர் காவலில் இருக்கிறார், இவர் பேரில் பழி இருக்கிறது. ஆனால் காலையில் முதல் ஆளாக வந்து நின்றார். ஏன் வந்தீர்கள் என்று பின்னாளில் அவரையே கேட்டேன். "வேலைக்கா வந்தேன்? முறை இன்னும் எங்கிட்டதான் இருக்குன்னு மாரியம்மா வந்து சொன்னா. எம்பேரச் சொல்லி நாறின நெல்லு, எம்பேரச் சொல்லித்தானே மணக்கணும்?" என்றார்.

அன்று நடந்ததைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். முதலாளி களத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா தூணோரம் நின்றார். ஐப்பசி வெயில் நம்பக்கூடியது இல்லை. மூன்று மணிக்கே கிழக்கே கருக்கல் கட்டிவிட்டது. அஞ்சலையக்கா கடித்துப் பார்க்கிறார், துப்புகிறார், திரும்பக் கடிக்கிறார். சொல்லவில்லை. காற்று மாறியது. மற்ற பெண்களும் கடித்துப் பார்த்தார்கள், அவர்களும் சொல்லவில்லை. மேஸ்திரி பதறிப்போய், "யாராவது சொல்லித் தொலைங்களேன்" என்றதற்கு மாரியம்மா, "முறை அவளுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

முதலாளி அப்பாவைப் பார்த்து, "மானேஜரே, மழை வருது. நீங்க சொல்லுங்க, குவிக்கட்டும்" என்றார். அப்பா குனிந்து ஒரு கை நெல்லை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். எதுவும் சொல்லவில்லை.

அஞ்சலையக்கா, "இன்னும் ஒரு தடவை கிளறணும்" என்றார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். எல்லாரும் ஓட்டமும் நடையுமாகக் கிளறினார்கள். அஞ்சலையக்கா கடைசியாக ஒரு நெல்லைக் கடித்து, "பதம்!" என்று கத்திய கத்தலில் மில்லுக்குள் இருந்தவர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். அத்தனை வேகமாகக் களம் வழித்து யாரும் பார்த்ததில்லையாம். தார்ப்பாயை இழுத்து மூடும்போது முதல் தூறல் விழுந்தது. முதலாளியே எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்தார். அந்த நெல் நல்ல அரிசியாக விழுந்தது. முதலாளி புகாரைப் பற்றியும் பேசவில்லை, அப்பாவைக் கிளம்பச் சொல்லியும் பேசவில்லை. பிறகு தாசில்தார் முன்னிலையில் கூலிப் பேச்சு முடிந்து, அஞ்சலையக்காவின் கணவரும் வீடு வந்து சேர்ந்தார்.

இனிதான் என் கேள்வி. அப்பா அந்த நெல்லைக் கடித்து என்ன கண்டுபிடித்தார்? பதம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தாரா, தெரியவே இல்லையா? முதலாளி, "ஈரம் இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் சொல்லல" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். களத்துப் பெண்கள், "அய்யாவுக்குக் காஞ்சது தெரியும், அஞ்சலை வாயால வரட்டும்னு இருந்தாரு" என்றார்கள். அம்மாவோ, "சாமி கும்பிட்டிருப்பாரு" என்பார். அப்பாவைக் கேட்டால், "அதெல்லாம் என்னத்துக்கு இன்ஸ்பெக்டரம்மா" என்று எழுந்து போய்விடுவார்.

காலம் மாறியது. மில்லில் நெல் காயவைக்கும் மெஷின் வந்தபோது ஊரில் அதிகம் சந்தோஷப்பட்டவர் அப்பாதான். பெண்களின் பாதம் இனி வேகாது என்றார். மெஷினில் வேலை பழகியவர்கள் மத்தியில் அதை நிறுத்தும் சுவிட்சுக்கும் முறை வைத்தார். அவரை ஒரேயடியாகப் புகழ்ந்தால் அம்மா சும்மா விடமாட்டார். "களத்துல எல்லாருக்கும் முறை. வீட்டுல மட்டும் சாம்பாருக்குக்கூட உங்கப்பாதான் பதம் பாப்பாரு" என்பது அம்மாவின் நிரந்தரப் புகார். அதை இந்த மலரில் பதிவு செய்யச் சொல்லி எனக்கு உத்தரவு.

கடைசி மாதங்களில் அப்பா மயிலாடுதுறையில் தம்பி வீட்டில் படுக்கையில் இருந்தார். மகளும் மகனும் பக்கத்தில் இருக்க, நினைவு தப்பாமல், யாருக்கும் பெரிய சிரமம் கொடுக்காமல் இருந்தார். ஒரு காலை கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது பழைய கேள்வியைத் திரும்பவும் கேட்டேன். இந்தத் தடவை எழுந்து போக முடியாது என்ற தைரியம் எனக்கு. அப்பா சிரித்தார்.

"பதமா? எனக்கு என்னம்மா தெரிஞ்சுது? பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு. மழை வருது, முதலாளி பாக்குறாரு, உங்கம்மா முகம் கண்ணு முன்னாடி நிக்குது. விட்டா நானே பதம்னு கத்தியிருப்பேன். வாயத் திறக்காம இருக்கணுமே. அதுக்குத்தான் நெல்லைப் போட்டுக்கிட்டேன்."

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் அவர் எதையோ கண்டுபிடித்தார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிற்சாலையில் வகுப்பெடுத்தவர்கள் யாரும் இதைச் சொன்னதில்லை. அன்று அப்பாவின் மேல் எனக்கு வந்த பாசம் அதற்கு முன் வந்ததே இல்லை. அடுத்த வாரம் அப்பா அமைதியாகக் கண்ணை மூடினார்.

அப்பாவுக்கு வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த செவிலியருக்கும், இரவு பகல் பாராது துணை நின்ற தெருவாசிகளுக்கும், பந்தல் போட்டது முதல் பந்தி பரிமாறியது வரை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்த தம்பியின் நண்பர்களுக்கும், வெளியூர்களிலிருந்து வந்து ஆறுதல் சொன்ன உற்றார் உறவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி பாக்கி இருக்கிறது. அப்பாவைக் கிடத்தியிருந்தபோது அஞ்சலையக்கா தன் பேரன் துணையோடு வந்து பந்தலுக்கு வெளியே நின்றார். முற்றத்தில் நெல்லைக் குத்திப் புடைத்து வாய்க்கரிசி தயாராக இருந்தது. அம்மா அவரை உள்ளே கூப்பிட்டார். உறவினர் ஒருவர், "நம்ம சனம் போட்டாப் போதாதா?" என்று இழுத்தார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன், அவரும் இந்த மலரைப் படிப்பார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "வா அஞ்சலை" என்று கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

அஞ்சலையக்கா தட்டிலிருந்து அரிசியை எடுத்தார். அழுதுகொண்டிருந்தவர், கை போன போக்கில் ஒரு மணியைத் தன் பல்லில் வைத்துக் கடித்துவிட்டார். பந்தலே திகைத்துப்போனது. எச்சில் பட்டுவிட்டதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அஞ்சலையக்கா அப்போதுதான் உணர்ந்து, "ஐயோ, பழக்கத்துல..." என்று வெலவெலத்துப் போனார்.

அம்மா அவர் கையை விடவில்லை.

"எப்படி இருக்கு அஞ்சலை?"

"பதம்தாங்க."

"அப்பப் போடு."

அஞ்சலையக்கா மீதி அரிசியை அப்பா வாயில் போட்டார். அன்றைக்குப் போலவே அப்பா ஒன்றும் சொல்லவில்லை.